காளை மேகம் போட்ட படம்

எங்கள் போட்டோ ஸ்டூடியோவை இப்போது நடத்துகிற சோமசுந்தரம் போன வாரம் என்னிடம் ஒரு கேள்வி கேட்டார். பழைய படங்களை மேஜைமேல் பரப்பி வைத்துக்கொண்டு, "ஐயா, பதுளை பஜார் மேல இருக்கிற மேகமும் கொஸ்லந்த பங்களா மேல இருக்கிற மேகமும் ஒரே மாதிரி இருக்கே? பண்டாரவளை ஸ்டேஷன் படத்துலயும் அதேதான் நிக்குது. என்னங்கய்யா, அது உங்க பின்னாடியே வந்துச்சா?" என்றார்.

கண்டுபிடித்துவிட்டார் மனுஷன். பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, படங்களைக் கவிழ்த்து வைத்தேன். இத்தனை வருஷம் ஆகியும் அந்த மேகத்தைப் பார்த்தால் எனக்கு அப்படித்தான். "கதையைச் சொல்லுங்க" என்றார்கள். சொல்ல ஆரம்பித்தால் பாதியில் எழுந்து போய்விடுவேன். அதனால் எழுதித் தருகிறேன் என்று வந்துவிட்டேன்.

இப்போதுள்ளவர்களுக்கு முதலில் ஒன்று சொல்ல வேண்டும். நாங்கள் படம் எடுத்த கண்ணாடித் தகட்டுக்கு நீலத்துக்கும் வெள்ளைக்கும் வித்தியாசம் தெரியாது. நீல வானமும் அதில் மிதக்கிற வெள்ளை மேகமும் சேர்ந்து வெறும் சுண்ணாம்புச் சுவராகத்தான் படத்தில் விழும். கீழே தேயிலை மலை, ரோடு, வண்டி, ஆட்கள் எல்லாம் அச்சு அசலாக இருக்கும். மேலே பாதிப் படம் காலி. இப்போது சோமசுந்தரம் லென்ஸுக்கு முன்னால் மஞ்சள் கண்ணாடி ஒன்றை மாட்டிக்கொண்டு வானத்தை அப்படியே பிடித்துவிடுகிறார். நல்லது. எங்களுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நான் பதுளை பஜாரில் ஒரு மருந்துக் கடையில் தராசு பிடித்துக்கொண்டிருந்தவன். எடை பிசகாமல் நிறுப்பேன் என்று கேள்விப்பட்டு ஆசீர்வாதம் முதலாளி என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். படம் கழுவுகிற மருந்துகளுக்கு அப்படி ஒரு கை வேண்டியிருந்தது. முதல் மூன்று வருஷம் இருட்டறைதான், விரல் நுனியெல்லாம் கறுப்பு. பிறகு வெளியே கூட்டிப்போனார். அவ்வளவுதான் என் படிப்பு.

முதலாளி தூத்துக்குடிக்காரர். கொழும்பில் தொழில் பழகி, மலைக் குளிர் நெஞ்சுக்கு ஆகாது என்று டாக்டர் சொன்ன பிறகும் பதுளைக்கு வந்து கடை போட்டவர். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதே இல்லை. அதுதான் எனக்குப் பயம். மற்ற முதலாளிமார் கத்தித் தீர்த்துவிடுவார்கள், அதோடு நமக்கும் தீர்ந்துவிடும். இவர் கோபம் வந்தால் சட்டைக் கையின் பித்தானைக் கழற்றி மறுபடி போடுவார். நான் ஒரு தகட்டைக் கைதவறி உடைத்த அன்று நாலு தடவை கழற்றிப் போட்டார். அதற்கு ஒரு அறை விட்டிருக்கலாம்.

வெளியே போனால் அவர் வேலை செய்கிற விதமே தனி. மூன்று கால் தாங்கியை விரித்துக் கேமராப் பெட்டியை ஏற்றுவோம். காற்றில் ஆடாமல் இருக்கக் கல் நிரப்பிய சாக்கு ஒன்றை அடியில் கட்டித் தொங்கவிடுவேன். கறுப்புத் துணிக்குள் தலையை விட்டாரென்றால் வெகுநேரம் வெளியே வரமாட்டார். லென்ஸ் மூடியைப் பிடுங்கி எடுப்பதும் கிடையாது. கால் வட்டம் திருப்பித் தளர்த்துவார், மூச்சை அடக்குவார், பிறகு மெதுவாகத் தூக்கி, "கர்த்தரே ஒண்ணு, கர்த்தரே ரெண்டு" என்று எண்ணுவார். ஒரு கர்த்தரே ஒரு வினாடி. மூடி திரும்ப விழுந்த கையோடு பதிவுப் புத்தகத்தை எடுப்பார். இடம், நேரம், எத்தனை எண்ணிக்கை, வெயிலா மூட்டமா, தூரம் தெரிகிறதா இல்லையா, எல்லாம் எழுதுவார். எழுதி முடிக்கும்வரை யாரும் பேசக் கூடாது.

அவர் துணிக்குள் இருக்கிற நேரமெல்லாம் வானத்தைப் பார்ப்பது என் வேலை. எங்கள் ஊவா மலைநாட்டில் வானத்தை நம்பி ஒரு காரியமும் செய்ய முடியாது. காலையில் மூடுபனி. அது விலகி வெளிச்சம் வந்தது என்று பெட்டியைத் திறந்தால் மலைக்குப் பின்னாலிருந்து ஒரு திட்டு வந்து சூரியனை மூடும். பதுளை பஜார் தெருவை மழை விட்ட பிறகு, ரோடு பளபளக்கும்போது எடுக்க வேண்டும் என்று முதலாளிக்கு ஓர் ஆசை. அதற்காகப் பதினோரு நாள் ஒரு ஜவுளிக் கடை வாசலில் காத்துக் கிடந்தோம். மழை பெய்தால் வெயில் இல்லை, வெயில் வந்தால் தெரு காய்ந்துவிட்டது. கடைக்கார ராவுத்தர், "என்ன தம்பி, வானம் உங்களுக்குச் சம்பந்தியா? இப்பிடி முறைச்சுக்கிட்டே நிக்கிறீங்க?" என்று கேலி பேசுவார். எனக்கு உள்ளே பதறிக்கொண்டிருக்கும். பயந்த சுபாவம், பிறவியிலேயே அப்படி.

அந்தச் சுண்ணாம்பு வானத்துக்கு முதலாளி ஒரு வழி வைத்திருந்தார். அவர் மட்டும் இல்லை, அந்தக் காலத்தில் எல்லாக் கடையிலும் இதுதான். கருமேகம் திரண்டு ஓரத்தில் வெளிச்சம் படுகிற நேரத்தில் மேகத்தை மட்டும் தனித் தகட்டில் எடுத்து வைத்துக்கொள்வோம். கருமேகமென்றால் தகட்டில் பதிந்துவிடும். எங்களிடம் அப்படி ஏழு தகடுகள் ஒரு மரப்பெட்டியில் இருந்தன. ஒவ்வொன்றுக்கும் பேர் உண்டு. பஞ்சுமூட்டை, விசிறி, கிழவி தலை, இப்படி. எல்லாவற்றிலும் பயங்கரமானது காளை. கொம்பைச் சாய்த்துக்கொண்டு மலைமேல் பாய வருகிற மாதிரி இருக்கும். பண்டாரவளைக்குப் பக்கத்தில் ஒரு சாயங்காலம் எடுத்தது.

அதை ஒட்டுகிற வேலை என்னுடையது. தோட்டத்துத் தகட்டைத் தாளோடு சட்டத்தில் பூட்டி வெயிலில் வைத்தால் கீழ்ப்பாதி அச்சாகும், வானம் வெள்ளையாக நிற்கும். பிறகு தகட்டை எடுத்துவிட்டு அதே தாளின்மேல் மேகத் தகட்டை வைப்பேன். மலை விளிம்பு எப்படிப் போகிறதோ அப்படியே ஓர் அட்டையை வெட்டிக் கீழ்ப்பாதியை மூட வேண்டும். விளிம்பில் கோடு விழாமல் இருக்கப் பஞ்சை ஒட்டி, அட்டையை அசைத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி கை நின்றால் மலைக்கு வேட்டிக் கரை போட்ட மாதிரி ஆகிவிடும். நான் செய்தால் கரை விழாது. "ஒன் கை எங்க நிக்குன்னு எனக்கே தெரியலலே" என்று முதலாளி ஒரு தடவை சொன்னார். பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. அந்தப் பெருமைதான் பிறகு என்னைக் கொண்டுபோய்க் குழியில் தள்ளியது.

ரயில் பண்டாரவளை வரைக்கும் வந்து, பதுளைக்கு இன்னும் வராத காலம். ஓர் ஐப்பசி மாதம் மடுல்சீமையில் ஒரு தோட்டத்துப் பெரிய துரை ஆள் அனுப்பினார். தோட்டத்தையும் தேயிலை அரைக்கிற புது ஸ்டோரையும் படமாக எடுத்துச் சீமைக்கு அனுப்ப வேண்டுமாம். பசறை வரைக்கும் மாட்டு வண்டி, அதற்குமேல் சுமைக்காரர்கள். வழுக்குப் பாதையில் தகட்டுப் பெட்டி ஆடும்போதெல்லாம் என் உயிர் ஆடியது.

ஸ்டோர் இயந்திரத்தைத் தண்ணீரால் சுழற்றுவதற்கு மேலே ஓடையை மறித்து ஒரு குளம் கட்டியிருந்தார்கள். அந்தக் குளத்துக் கரைமேல், மதகுக்குப் பக்கத்தில்தான் பெட்டியை வைத்தோம். அங்கே நின்றால் கீழே ஸ்டோர், அதற்கும் கீழே ஓடையோரம் தோட்டத்து ஆட்கள் குடியிருக்கிற ஒரு லயம், அப்புறம் தேயிலை, எல்லாவற்றுக்கும் பின்னால் வெகுதூரத்தில் மூக்கு மாதிரி ஒரு மலை. தோட்டத்தார் அதை மூக்கன் மலை என்பார்கள்.

மதகுக்குக் காவல் கருப்பையா என்கிற ஆள். நாற்பது வயதிருக்கும். மழை வரும் என்று தெரிந்தால் முன்னாலேயே மதகைத் திறந்து குளத்தை இறக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் கரை தாங்காது. அதற்குத்தான் சம்பளம். நான் வழக்கம்போல வானத்தையே பார்த்துக்கொண்டிருந்ததைப் பார்த்து அவருக்குச் சிரிப்பு.

"ஐயாவுக்கும் எனக்கும் ஒரே வேலை போலருக்கு" என்றார்.

"மழை வந்துருமா அண்ணே?"

"மூக்கனைப் பாருங்க. எப்பிடி நிக்கிறான்! அவன் மறைஞ்சாத்தான் மழைங்க. அவன் மறைஞ்ச ஒடனே மதகைத் தொறக்கணும்னு தொரை உத்தரவு. இப்பத் தெளிவா இருக்கான். தைரியமா எடுங்க."

துரையும் பக்கத்தில்தான் நின்றார், பைப்பு புகைத்துக்கொண்டு. மணி மூன்று. முதலாளி "கர்த்தரே மூணு" வரை எண்ணி மூடினார், பதிவு எழுதினார், கட்டிக்கொண்டு கிளம்பிவிட்டோம். அன்று சாயங்காலம் பசறைக்குக் கிட்டே வரும்போது முதுகுப் பக்கமிருந்து மழை அடித்தது பாருங்கள், பத்து நிமிஷத்தில் ரோடே ஆறாகிவிட்டது. தகட்டுப் பெட்டியை என் மேல்துணியால் போர்த்திக்கொண்டு நான் நனைந்தேன்.

குளம் உடைந்த செய்தி இரண்டு நாள் கழித்துத்தான் பதுளைக்கு வந்தது. ஸ்டோரில் பாதி போய்விட்டது. ஓடையோர லயத்தில் மூன்று பேர் போய்விட்டார்கள்.

படத்தைச் சீக்கிரம் அனுப்பும்படி துரை கடிதம் போட்டார். ஸ்டோர் முழுசாக இருக்கிற கடைசிப் படம் அல்லவா? முதலாளி கடிதத்தைப் படித்துவிட்டு, "நல்ல மேகமாப் பாத்துப் போடுலே" என்று மட்டும் சொன்னார். நான்தான் பெட்டியைத் திறந்து பார்த்தேன். வெள்ளத்தில் போன தோட்டத்துக்குப் பஞ்சுமூட்டையையா போடுவது? மனசுக்கு ஒப்பவில்லை. காளையை எடுத்தேன். அட்டை வெட்டும்போது மூக்கன் மலை இடைஞ்சலாக இருந்தது. தகட்டில் மெல்லிசாக, பென்சில் கோடு மாதிரி விழுந்திருந்தது. அதன் வளைவுக்குத் தக்கபடி வெட்டினால் இன்னும் அரை மணி நேரம் ஆகும். வெயில் போய்விடுமோ என்று அவசரம். கிட்டத்து மலையின் விளிம்போடு அட்டையை வெட்டிவிட்டேன். மூக்கன் மலையைக் காளை விழுங்கிவிட்டது. படம் பிரமாதம். அப்படி ஒரு படம் நான் அதற்குமுன் செய்ததில்லை.

மூன்று வாரம் இருக்கும். அந்தத் தோட்டத்துக் கங்காணி ஒருவர், ராமசாமி என்று பேர், கடைவாசலில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"மதகுக் காவக்காரன் கருப்பையா பக்கத்துல நின்னு தோட்டத்தைப் படம் எடுத்தவுக நீங்கதானா? மூஞ்சியப் பாத்துட்டுப் போகலாம்னு வந்தேன்."

"கருப்பையா அண்ணன் எப்பிடி இருக்காரு?" என்று கேட்டேன், வெகுளியாக.

"ரிமாண்டுல இருக்கான். மதகைத் தொறக்காம மூணு பேரைக் கொன்னுட்டான்னு கேசு. நாளைக்கு விசாரணை. அவன் மொதல்ல மூக்கன் தெரிஞ்சான், தெரிஞ்சான்னுதான் சொல்லிக்கிட்டு இருந்தான். தொரை ஒங்க படத்தைக் கோர்ட்டுல குடுத்துட்டாரு. மூணு மணிக்கே மேகம் மலையை மூடிக் கெடக்கு, அஞ்சரை மணி வரைக்கும் இவன் என்னா செஞ்சான்னு கேக்குறாங்க. போலீசு அந்தப் படத்தை ரிமாண்டுல கொண்டுபோயிக் காட்டியிருக்கு. பாத்துட்டு அவனே ஒத்துக்கிட்டான், மேகம் இருந்துச்சுன்னு." போகத் திரும்பினவர் சேர்த்துச் சொன்னார். "செத்ததுல ஒருத்தி அவன் பொஞ்சாதி பேச்சிங்க."

பாவி, அரை மணி நேரச் சோம்பலுக்கு ஓர் ஆளைக் கொண்டுபோய் ஜெயிலில் வைத்துவிட்டேனே! அவர் போனதும் நேராகத் தகட்டு அலமாரிக்கு ஓடினேன். அங்கே இல்லை. அப்போதுதான் ஞாபகம் வந்தது. மறுபடி யாரும் கேட்க மாட்டார்கள் என்று தெரிந்த தகடுகளைச் சுடு சோடாத் தண்ணீரில் ஊறப்போட்டு, படத்தைச் சுரண்டிவிட்டு, கண்ணாடியைச் சட்டம் போட எடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். சனிக்கிழமை தோறும் நான்தான் சுரண்டுவேன். ஸ்டோரே போன பிறகு அந்தப் படத்தை யார் கேட்கப்போகிறார்கள் என்று அதையும் சுரண்டுகிற அடுக்கில் வைத்திருந்தேன். போன சனிக்கிழமை சுரண்டினேனா, இல்லையா? எவ்வளவு யோசித்தும் தெரியவில்லை. கண்ணாடியெல்லாம் ஒன்று மாதிரிதானே!

அடுக்கை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். கல்யாணக் கோஷ்டி, குதிரை, யாரோ ஒரு பாதிரியார். அவசரத்தில் ஒன்று கீழே விழுந்து தெறித்தது. அடியிலிருந்து மூன்றாவதாக அது இருந்தது. மூக்கன் மலை மெல்லிசாக, முழுசாக நின்றது. மழைக்கு முந்தின மூட்டம் கொஞ்சம் இருந்தாலும் அவ்வளவு தூரத்து மலை எங்கள் தகட்டில் விழவே விழாது. தகட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

சத்தம் கேட்டு வந்த முதலாளி உடைந்த கண்ணாடியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். எல்லாம் சொன்னேன். பித்தானைக் கழற்றினார்.

"கோர்ட்டுல என்னன்னு சொல்லுவே?"

"மேகம் நாம போட்டதுன்னு சொல்லுவேன் மொதலாளி."

"ஊவா முழுக்க எத்தனை பங்களாவுல நம்ம மேகம் தொங்குதுன்னு தெரியுமாலே? அத்தனை பேரும் நாளைக்குச் சுவத்தைப் பாப்பான். ஏமாத்திட்டானுவன்னு சொல்லுவான். அப்புறம் நம்ம கதவை எவன் தட்டுவான்? ஒன் வீட்டுல அடுப்பு எரியணும், என் வீட்டுலயும் எரியணும்."

"அந்தாளு பொண்டாட்டியையும் பறிகுடுத்துட்டு ஜெயிலுக்குப் போறாரே மொதலாளி!"

"போவாதேன்னு சொல்லல. யோசின்னு சொல்லுதேன்." பித்தானைப் போட்டுக்கொண்டு இருட்டறைக்குள் போய்விட்டார். பதிவுப் புத்தகம் அவர் மேஜை இழுப்பறைக்குள் பூட்டிக் கிடந்தது. அதைக் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

மறுநாள் தகட்டைத் துணியில் சுற்றி, காளை போட்ட வேறு நாலு படங்களையும் எடுத்துக்கொண்டு கோர்ட்டுக்குப் போனேன். தூறல். ஈரம் பட்டால் தகட்டில் படம் ஊறிக் கழன்றுவிடும். சட்டைக்குள் வைத்துக் குனிந்துகொண்டே போனேன், வயிற்றுவலிக்காரன் மாதிரி. கேஸ் ஆரம்பித்தாயிற்று. கூண்டில் கருப்பையா நின்றார். பாதி ஆளாகியிருந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை.

நீதவான் வெள்ளைக்காரர். அவர் கேட்பதைக் கோர்ட்டு மொழிபெயர்ப்பாளர், முதலியார் என்பார்கள், தமிழில் சொல்வார்.

"மூணு மணிக்கு மேகம் இருந்துச்சான்னு நீதவான் தொரை கேக்கிறார்."

"இருந்துச்சுங்க" என்றார் கருப்பையா.

"மலை தெரிஞ்சுதா?"

"தெரியலீங்க. மேகம் மூடிக் கெடந்துச்சு. என் தப்புத்தாங்க. தண்டனை குடுத்துருங்க."

நான் எழுந்துவிட்டேன். எப்படி எழுந்தேன் என்று கேட்காதீர்கள். கால் எழுந்தது, நானும் கூடவே போனேன். "இல்லீங்க, அந்த மேகம் நான் போட்டது!" என்று கத்தினேன். சார்ஜன் வந்து தோளைப் பிடித்தான். நீதவான் கையைக் காட்டி விடச் சொன்னார்.

சாட்சிக் கூண்டில் ஏறிச் சத்தியம் செய்தேன். தாளில் ஒன்றும் தகட்டில் ஒன்றும் எப்படி என்று முதலியாருக்கு விளங்க வைக்கவே வெகுநேரம் ஆயிற்று. மேகத்தை எப்படிப் பெட்டியில் வைத்திருப்பாய் என்று அவரே என்னைத் திட்டினார். பிறகு நாலு படங்களையும் வரிசையாக வைத்தேன். கொஸ்லந்த, பண்டாரவளை, பதுளை பஜார், ஒரு பங்களா. நாலிலும் அதே காளை, அதே கொம்பு, வால் பக்கம் அதே கிழிசல். நீதவான் ஒவ்வொன்றாகத் தூக்கிப் பார்த்தார். முகம் மாறியது. பியூனைக் கூப்பிட்டு ஏதோ சொன்னார். அவன் குடையை எடுத்துக்கொண்டு ஓடினான்.

பிறகு தகட்டை ஜன்னலுக்கு நேரே பிடித்துப் பார்த்தார். "மலை இருக்கு. ஆனா இது அன்னைக்கு எடுத்த தகடுதான்னும், மூணு மணிக்குத்தான் எடுத்ததுன்னும் என்ன அத்தாட்சின்னு கேக்கிறார்" என்றார் முதலியார்.

"பதிவுப் புத்தகம் இருக்குங்க. மொதலாளி கையெழுத்து."

"எங்கே?"

"கடையில மொதலாளி பூட்டி வச்சிருக்காருங்க" என்றேன். முதலாளியைக் கூட்டிவர ஆள் போயிற்று. அந்த அரை மணி நேரம் இருக்கிறதே, அதை என் விரோதிக்கும் விரும்பமாட்டேன். அவர் இல்லை என்று சொல்லிவிட்டால்? இந்தப் பயல் என் கடையில் தகட்டைத் திருடிக்கொண்டு வந்துவிட்டான் என்று சொன்னால் நானும் உள்ளே போக வேண்டியதுதான். வீட்டில் என் மனைவி செல்லம் ஏழு மாதக் கர்ப்பம். ஏன் எழுந்தோம் என்றுகூட நினைத்தேன், பொய் சொல்வானேன்.

பியூன்தான் முதலில் வந்தான். கையில் சட்டம் போட்ட ஒரு பெரிய படம், நீதவான் வீட்டுக் கூடத்தில் தொங்கியது. பதுளைக் கச்சேரி, அதாவது அரசாங்க ஆபீஸ் கட்டடமும் அதன்மேல் எங்கள் காளையும். நீதவானின் கழுத்து சிவந்துபோயிற்று.

அதற்குப் பின்னால் முதலாளி வந்தார். கோட்டுப் போட்டிருந்தார். கக்கத்தில் பதிவுப் புத்தகம். பூட்டைத் திறந்து தானே கொண்டு வந்திருக்கிறார் என்று எனக்கு உறைக்கவே கொஞ்ச நேரம் ஆயிற்று. கூண்டில் ஏறினதும் கை பித்தானுக்குப் போனது. போனது பாதியில் நின்றது.

"மடுல்சீமை. மணி மூணு. மூணு எண்ணிக்கை. நல்ல வெயில். தூரத்து மலை தெளிவு" என்று வாசித்தார். "என் கையெழுத்துதாங்க."

"மேகம்?"

"மேகம் எங்களுது. மலைதான் ஆண்டவரோடது."

முதலியார் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது, நீதவான் தலையைக் குனிந்து எழுதினார். தோட்டத்துத் துரையையும் கூப்பிட்டுக் கேட்டார், நீரும் அங்கேதானே நின்றீர், வானம் எப்படி இருந்தது என்று. படத்தைப் பார்த்த பிறகு மேகம் இருந்ததாகத்தான் தனக்கும் நினைவு, இப்போது நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை என்றார் துரை. பொய் சொல்லவில்லை, எனக்குத் தெரியும். அந்த ஆளும் திகைத்துப்போய்த்தான் நின்றார்.

மத்தியானத்துக்குள் கருப்பையாவை விட்டுவிட்டார்கள். மழை மூக்கன் மலைக்கு எதிர்ப்பக்கமிருந்து வந்தது, காவல்காரன் மேல் குற்றமில்லை என்று தீர்ப்பு. கடைக்குப் போனதும் முதலாளி சோடாத் தண்ணீரைக் கொதிக்க வைக்கச் சொன்னார். காளைத் தகட்டைத் தானே உள்ளே போட்டார். அந்த வருஷம் பல துரைமார் எங்களைக் கூப்பிடவில்லை. கஷ்டப்பட்டோம். அவர் அதை ஒரு நாளும் சொல்லிக் காட்டினதில்லை, அந்த நன்றி எனக்குச் சாகும்வரை உண்டு.

அன்று சாயங்காலம் தோட்டத்துக்குத் திரும்பும் முன் கருப்பையா கடைக்கு வந்தார். கும்பிட்டார். எனக்கு அது பொறுக்கவில்லை, கையைப் பிடித்துக் கீழே இறக்கினேன்.

"நிசமாவே மூக்கன் தெரிஞ்சானாங்க?" என்று கேட்டார்.

"என்னண்ணே, நீங்கதானே எனக்குக் காட்டுனீங்க!"

"காட்டுனேன்னுதான் நெனச்சேன். படத்தைப் பாத்தப்பறம் எல்லாம் கொழம்பிப் போச்சு. கண்ண மூடுனா அந்த மேகந்தாங்க வருது. நான்தான் பாத்தும் பாக்காம இருந்துட்டேன், நான்தான் பேச்சியக் கொன்னுட்டேன்னு இத்தினி நாளா..."

கோர்ட்டில் திருப்பிக் கொடுத்த தகட்டை எடுத்து, மேகம் ஒன்றும் போடாமல், இருந்த கொஞ்ச வெயிலில் ஒரு படம் போட்டேன். கழுவிக் காய்ந்ததும் அவர் கையில் கொடுத்தேன். மூக்கன் மலையின்மேல் விரலை வைத்தார். பிறகு விரல் மெல்லக் கீழே இறங்கியது. ஸ்டோரைத் தாண்டி ஓடையோர லயத்துக்கு வந்து, ஒரு வாசலில் நின்றது.

"இதுதாங்க நாங்க குடியிருந்த காம்பரா. வாசல்ல யாரோ நிக்கிற மாதிரி இருக்கே?"

பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தேன். ஏதோ ஒன்று நின்றது. மூன்று எண்ணிக்கைக்குள் அசைந்துவிட்டதால் புகை மாதிரி ஒரு வெள்ளைத் தீற்றல். பெண்ணா, கொடியில் காய்கிற சேலையா, அதுகூடச் சொல்ல முடியாது.

"பேச்சியாங்க?"

காலையில்தான் கோர்ட்டில் சத்தியம் செய்திருந்தேன், உள்ளதை உள்ளபடி சொல்வேன் என்று.

"ஆமாண்ணே, அவங்கதான்."

"எந்தப் பக்கம் பாக்குறா?"

"இங்கிட்டுத்தாண்ணே. மதகுப் பக்கம், ஒங்களைத்தான் பாத்துக்கிட்டு நிக்கிறாங்க" என்றேன்.